கிளக்கனுக்கு இட்ட பெயர்

பொரித்த மீன் தட்டும் கையுமாகக் குசினியிலிருந்து வெளியே வந்தபோதுதான் சிவனேஸ்வரி அந்தப் பெயரை முதன்முதலாகக் கேட்டாள்.

1976ஆம் ஆண்டு, ஓகஸ்ட் மாதக் குளிர். மெல்பேர்ணின் புறநகரான நோபல் பார்க்கில் அவர்கள் வாடகைக்கு இருந்த சின்ன வீட்டில் அன்று ஒரு விருந்து. அவளுடைய கணவர் அரியரத்தினம் நகரத்து நூதனசாலையில், அதாவது மியூசியத்தில், மீன் பிரிவில் வேலை செய்தார். வருடக்கணக்காகத் தற்காலிக வேலைதான். இப்போது அவர் தனியே எழுதிய ஆய்வுக் கட்டுரை ஒன்று அச்சாகி வந்திருந்தது. சிட்னிக் கரையோரத்தில் பிடிபடும் கிளக்கன் மீனில், எல்லாரும் ஒன்றென்று நினைத்திருந்த இடத்தில் இரண்டு இனம் இருக்கிறது என்று அதில் எழுதி, புதிய இனத்துக்கு ஒரு பெயரும் வைத்திருந்தார். விருந்துக்கு வந்தவர் ஒரே ஒருவர். சடகோபன். அதே பிரிவில் வேலை செய்கிற தமிழ்நாட்டுக்காரர்.

"சில்லாகோ சந்திரவதனே!" என்று சடகோபன் கட்டுரையைத் தூக்கிப் பிடித்து வாசித்தார். "என்ன சார் இது? நம்ம கிழங்கானுக்கு இவ்வளவு அழகா ஒரு பேரா? நான் மேடம் பேரைத்தான் வச்சிருப்பீங்கன்னு நினைச்சேன்."

அரியரத்தினம் சிரித்தார். சிவனேஸ்வரி தட்டை மேசையில் வைத்தாள்.

"அதென்ன கடைசியிலை 'னே' எண்டு முடியுது?"

"லத்தீன் விதி மேடம். ஆம்பளை பேரை வச்சா ஒரு மாதிரி முடியும், பொம்பளை பேரை வச்சா இப்படி முடியும்."

"சந்திரவதனா எண்டது ஆர்?"

அரியரத்தினம் மீன் முள்ளைப் பல்லிடுக்கிலிருந்து எடுத்துக்கொண்டே சொன்னார். "கொழும்புக் கம்பஸிலை என்னோடை படிச்சவ. இப்ப சிட்னியிலை ஒரு மீன்பிடி ஆய்வு நிலையத்திலை வேலை. மீனை அனுப்பினது அவதான்."

அவ்வளவுதான் சொன்னார். அவர் தடுமாறியிருந்தால், கண்ணைத் தாழ்த்தியிருந்தால், அவளுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். சோற்றைப் பிசைந்துகொண்டு சொன்னதுதான் அவளைச் சுட்டது. கல்யாணமாகி எட்டு வருடம். அவரோடு படித்தவர்களில் ஆர் ஆர் இலண்டனில், ஆர் ஆர் சாம்பியாவில் என்று அவளுக்கு ஒப்புவிக்கத் தெரியும். இந்தப் பெயரை மட்டும் அவர் ஒரு நாளும் வீட்டில் உச்சரித்ததில்லை.

"இனி அந்தப் பேர் நிரந்தரம் மேடம்," என்றார் சடகோபன், அவள் முகத்தைக் கவனிக்காமல். "நாம எல்லாம் போயிடுவோம். நூறு வருஷம் கழிச்சு யாரோ ஒருத்தன் அந்த மீனைக் கையில எடுத்தா, அந்தம்மா பேரைத்தான் சொல்லணும்."

"மாத்தேலாதோ?"

"மாத்த முடியாது. ஆனா, அது தனி இனமே இல்ல, பழைய இனந்தான்னு யாராவது நிரூபிச்சா பேர் செத்துடும். பழைய பேருக்குக் கீழ சின்ன எழுத்துல கிடக்கும். யாரும் சொல்ல மாட்டாங்க."

அன்று பாத்திரம் கழுவும்போது ஒரு கிளாஸ் உடைந்தது. கை வழுக்கிவிட்டது என்றாள்.

ஹோலில் கம்பஸ் படம் ஒன்று மாட்டியிருந்தது. மாணவர்கள் வரிசை வரிசையாக நிற்கும் படம். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவள்தான் அதைத் தூசி தட்டுகிறாள். மறுநாள் காலை அதன் முன்னால் நின்று, முன்வரிசையில் இருந்த பெண்களின் முகத்தை ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.

"இதிலை ஆர் சந்திரவதனா?"

அரியரத்தினம் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "இடது பக்கத்திலையிருந்து ரெண்டாவது."

படத்தைப் பார்க்காமலே சொன்னார். அதைத்தான் அவள் நாள்முழுக்க நினைத்துக்கொண்டிருந்தாள். இடது பக்கத்திலிருந்து இரண்டாவது பெண் வடிவாகத்தான் இருந்தாள். நீண்ட கழுத்து. ஒளிப்படக்காரர் சொன்ன எதையோ கேட்டுச் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்த வாய்.

பின்னேரம் தொலைபேசி அடித்தது. ஞாயிற்றுக்கிழமைகளில்தான் தூரத்து அழைப்பு மலிவு. அவர் நடையில் நின்று, முதுகைக் காட்டிக்கொண்டு பேசினார். "சரி சரி... நீர் அப்பிடி யோசிக்கக் கூடாது..." என்பது மட்டும் அவளுக்குக் கேட்டது. பிறகு ஒரு சிரிப்பு. மூச்சை இழுத்து இழுத்து அப்படி அவர் தன்னோடு சிரித்து அவள் கேட்டதில்லை.

"ஆர்?"

"சிட்னி. மீன் விசயம்."

அன்றைக்கே முடிவெடுத்தாள். இந்தப் பெயர் சாக வேண்டும்.

சிவனேஸ்வரி மல்கிரேவில் ஒரு பாடசாலையில் கணிதம் படிப்பித்தாள். மீன் தெரியாது, எண் தெரியும். கட்டுரையை எடுத்து, அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வரி வரியாக வாசித்தாள். வாசிக்க வாசிக்கச் சந்தோஷமாக இருந்தது. ஒன்பது மீன்! ஒன்பதே ஒன்பது மீனை வைத்துக்கொண்டு இது வேறு இனம் என்று சொல்கிறார். தன் வகுப்பில் ஒரு பிள்ளை இப்படி ஒரு முடிவோடு வந்திருந்தால், போய் இன்னும் கொண்டுவா என்று திருப்பி அனுப்பியிருப்பாள்.

"எனக்கும் உந்த மீன் வேலையைக் கொஞ்சம் காட்டித் தாருங்கோவன்," என்று கணவரிடம் கேட்டாள்.

அவருக்குத் தலைகால் புரியவில்லை. "என்ரை மனுசிக்கும் மீன் பைத்தியம் பிடிச்சிட்டுது," என்று சடகோபனிடம் பெருமையடித்தார். சனிக்கிழமைகளில் அவளை நூதனசாலைக்குக் கூட்டிக்கொண்டு போனார். சாராயத்தில் ஊறிய கிளக்கன்கள் போத்தல் போத்தலாக இருந்தன. முதுகுச் செட்டையின் முள்ளை எண்ணுவது எப்படி, உடம்பின் பக்கவாட்டுக் கோட்டில் செதிலை எண்ணுவது எப்படி என்று சொல்லித் தந்தார். எண்ணும்போது அவருடைய தோள் அவளுடைய தோளில் முட்டியது. வேறு நேரமாக இருந்தால் அவளுக்கு அது இனித்திருக்கும். இதே மாதிரி அந்தச் சந்திரவதனாவோடும் நின்று எண்ணியிருப்பாரோ என்றுதான் இப்போது நினைக்க வந்தது.

எண்ணியவற்றை வீட்டுக்குக் கொண்டுவந்து வரைபுத்தாளில் புள்ளியிட்டாள். பழைய இனம் ஒரு நிறம், புதிய இனம் ஒரு நிறம். செதில் எண்ணிக்கை இரண்டுக்கும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தது. செட்டை முள்ளும் அப்படியே. தலையின் நீளமும் அப்படியே. வெளியே பார்த்து இரண்டையும் பிரிக்கவே முடியாது. அவள் அன்றைக்கு ஒரு பாட்டை முணுமுணுத்துக்கொண்டு புட்டு அவித்தாள்.

ஆனால் கட்டுரையின் பலம் வெளியே இல்லை. மீனின் வயிற்றுக்குள், முள்ளந்தண்டோடு ஒட்டி ஒரு காற்றுப்பை கிடக்கும். பழைய இனத்தில் அந்தப் பை பின்பக்கம் இரண்டு வாலாகப் பிரிந்து, வயிற்றையும் தாண்டி வாற்பக்கத்துச் சதைக்குள் போகும். புதிய இனத்தில் ஒரே வால். இதுதான் வித்தியாசம். கட்டுரையில் இதற்குப் படமும் இருந்தது. நுண்ணிய புள்ளிகளால் நிழல் போட்ட, மிக நேர்த்தியான படம்.

அதையும் உடைக்க வேண்டும். டண்டினோங் சந்தையில் கிளக்கன் வாங்கிவந்து குசினி மேசையில் அறுத்துப் பழகினாள். வயிற்றைக் கீறுவது சுலபம். அந்த வாலைத் தேடிப் போவதுதான் பாடு. சின்ன எலும்புகளை ஒவ்வொன்றாக நிமிண்டி எடுக்க வேண்டும். வால் நூல் மாதிரி மெல்லியது, கண்ணாடி மாதிரி நிறமில்லாதது. கிடுக்கி கொஞ்சம் பிசகினாலும் பிய்ந்து போகும். அடுத்த சனிக்கிழமை நூதனசாலையில் பழைய இனத்தின் போத்தலிலிருந்து ஒன்றை எடுத்து அறுத்தபோது, இரண்டு வாலில் ஒன்று அவளுடைய கிடுக்கியோடு வந்துவிட்டது. மிஞ்சியது ஒரு வால்.

அவள் கிடுக்கியைக் கீழே வைத்தாள். இரண்டு வால் மீன் அவள் கண்முன்னாலே ஒரு வால் மீனாகிவிட்டது! இதுதான் நடந்திருக்கிறது. ஒன்பது மீனிலும் யாரோ அவசரத்தில் ஒரு வாலைப் பிய்த்துவிட்டு, புதிய இனம் என்று கூத்தாடியிருக்கிறார்கள்.

உறுதிப்படுத்த, யாரும் கை வைக்காத புது மீன் வேண்டும். அது சிட்னியில்தான் கிடைக்கும்.

"செப்ரெம்பர் விடுமுறைக்கு நான் சிட்னிக்குப் போய்ச் சந்திரவதனாவைப் பார்க்கப்போறன்," என்றாள் சாப்பாட்டு மேசையில்.

அரியரத்தினத்தின் கை அப்படியே நின்றது. "அங்கை ஏன்? நான் சொன்னால் அவ மீனை அனுப்பிவைப்பா."

"நேரை பாக்கோணும்."

"அவ ஒரு மாதிரியான ஆள். கடுகடுப்பு. நீர் போய் மனசு நொந்துபோய் வருவீர்."

"பரவாயில்லை."

"சொன்னால் கேளும், சிவனேசு. இந்த முறை வேண்டாம்."

இத்தனை வருடத்தில் அவர் எதையும் இப்படிக் கெஞ்சிக் கேட்டதில்லை. அந்தக் கெஞ்சலே அவளுக்குப் போதுமான சாட்சியாக இருந்தது. அடுத்த நாளே ரெயின் ரிக்கெற் எடுத்தாள்.

பகல்முழுக்க ஓடுகிற ரெயின். வழியெல்லாம் அவள் சந்திரவதனாவோடு மனதுக்குள் பேசிக்கொண்டு போனாள். முதலில் மரியாதையாக, பிறகு குத்தலாக, கடைசியில் அழவைக்கிற மாதிரி. சிட்னியில் ஒரு சிநேகிதி வீட்டில் தங்கி, காலையில் நல்ல சேலையாகப் பார்த்து உடுத்திக்கொண்டு புறப்பட்டாள்.

ஆய்வு நிலையம் கடற்கரை ஓரத்தில் ஒரு தகரக் கொட்டகை. றப்பர் சப்பாத்தும் நீளக் காற்சட்டையும் போட்ட ஒருத்தி பெட்டியிலிருந்து மீனைக் கொட்டிக்கொண்டிருந்தாள். காதோரம் நரைத்திருந்தது. ஆனாலும் அந்தக் கழுத்து அதே கழுத்துதான். கிழவியாக, அவலட்சணமாக இருந்திருக்கக் கூடாதா?

"நீர்தானோ அரியின்ரை மனுசி?"

அரி! எட்டு வருடமாக அவரை "இஞ்சேருங்கோ" என்று கூப்பிட்டு வருகிறவளுக்கு அந்த இரண்டெழுத்து முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது.

"ஓம். உங்கடை பேரிலை இருக்கிற மீனைப் பாக்க வந்தனான்."

"அவர் அனுப்பினவரோ?"

"இல்லை. வரவேண்டாம் எண்டவர்."

சந்திரவதனா அவளை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு ஒரு பழைய மேலங்கியை எடுத்துக் கொடுத்தாள். "சேலை பழுதாகப் போகுது. இதைப் போடும்."

விடியற்காலையில் வலையில் வந்த மீன்கள். மேசையில் பரப்பிவிட்டு, சந்திரவதனா எட்ட நின்று கையைக் கட்டிக்கொண்டாள். எது எந்த இனம் என்று அவள் சொல்லவில்லை. சிவனேஸ்வரியும் கேட்கவில்லை. வெளியே பார்த்தால் எல்லாம் ஒரே கிளக்கன்தான். முதல் மீனை அறுத்தாள். இரண்டு வால். இரண்டாவதிலும் இரண்டு. மூன்றாவதில், சதையை எடுத்து எலும்பை விலக்கிக்கொண்டு போனபோது, ஒரே ஒரு வால் நடுவில் நேராக ஓடியது.

பிய்ந்திருக்கும் என்று நினைத்து லென்சைப் பிடித்தாள். பக்கத்தில் இன்னொரு வால் ஒட்டியிருந்த தடம் எதுவும் இல்லை. தோல் முழுசாக, வழுவழுப்பாக இருந்தது. அடுத்ததை அறுத்தாள். சின்ன மீனை அறுத்தாள், பெரிய மீனை அறுத்தாள், ஆண் பெண் பார்த்து அறுத்தாள். ஒரு வாலானால் ஒரு வால், இரண்டானால் இரண்டு. இடைநடுவே ஒன்றுமில்லை. பெட்டி முடியும்வரை அறுத்தாள். விரலெல்லாம் முள் குத்தி இரத்தம். எங்கேயாவது ஒரு மீன், ஒரே ஒரு மீன் தன் பக்கம் வராதா என்று அவள் தேடியது அவளுக்கே விளங்கியது.

கடைசியில் கத்தியை வைத்தாள்.

"இது வேறை இனம்தான்," என்றாள்.

"எனக்கு அது ஆறு வருசமாத் தெரியும்," என்றாள் சந்திரவதனா.

சிவனேஸ்வரி நிமிர்ந்தாள்.

"நீர் நல்லா அறுக்கிறீர். முதல் நாலைஞ்சிலை நான் எல்லா வாலையும் பிய்ச்சனான்." சந்திரவதனா ஒரு கதிரையை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். மேசையில் கிடந்த வெள்ளைத் தாளில் பேனையால் ஏதோ கீறத் தொடங்கினாள். "இந்த வாலின்ரை நுனி எப்பவும் கொஞ்சம் இடப்பக்கம் வளையும். கவனிச்சீரோ?"

சிவனேஸ்வரி தாளைப் பார்த்தாள். காற்றுப்பை தாளில் எழுந்துகொண்டிருந்தது. அதே நுண்ணிய புள்ளிகள். அதே நிழல். கட்டுரையில் இருந்த படத்தைக் கீறிய கை இதுதான் என்று தெரிய அவளுக்கு லென்ஸ் தேவைப்படவில்லை.

"அந்தப் படம் நீங்கள் கீறினதோ?"

"படம், எண்ணிக்கை, ஒரு வால் ரெண்டு வால் எண்ட கதை, எல்லாம். நான் இங்கிலீஷிலை கோர்வையா எழுதமாட்டன். அரி எழுதித் தாறன் எண்டவர். ரெண்டு பேர் பேரிலையும் வருமெண்டு நினைச்சிருந்தன். பிறகு ஒருநாள் போன் எடுத்து, உமக்கு ஒரு பெரிய மரியாதை செய்திருக்கிறன், மீனுக்கு உம்மடை பேரை வைச்சிட்டன் எண்டார்."

"அது மரியாதைதானே?"

"தன்ரை பேரைத் தானே மீனுக்கு வைக்கிற வழக்கம் எங்கையும் இல்லை. மீனிலை என்ரை பேர் ஏறினால் கட்டுரைக்கு மேலை அது ஏறாது. மீன் அனுப்பினவ எண்டு கடைசியிலை ஒரு வரி நன்றி. இப்ப உலகத்துக்கு நான் மீன்காரி, கண்டுபிடிச்சவர் அரி." அவள் பேனையை மூடினாள். "போன மாதம் ஞாயிற்றுக்கிழமை எடுத்துக் கிழி கிழியெண்டு கிழிச்சனான். சிரிச்சுச் சமாளிச்சார். அவருக்குப் பயம் வந்தால் அப்பிடித்தான் சிரிப்பார். கம்பஸிலையும் அப்பிடித்தான்."

சிவனேஸ்வரிக்கு ஆறுதல் வந்திருக்க வேண்டும். வரவில்லை. அவருடைய சிரிப்பில் எது பயம், எது சந்தோஷம் என்று இவளுக்குத் தெரிந்திருக்கிறது. எட்டு வருடம் ஒரே வீட்டில் இருந்தும் தனக்குத் தெரியவில்லை. அதுவும் போக, யாருக்கும் தெரியாத ஒன்றை இந்தப் பெண் ஆறு வருடமாகத் தனியே தெரிந்துவைத்திருந்தாள். ஒரு பெயரைக் கொல்லவென்று தான் இத்தனை வாரம் முள் எண்ணினாள். புருஷன் மேல் வந்த பொறாமை கரைந்து முடியுமுன்னே அந்த அறிவின் மேல் இன்னொன்று மூண்டது.

வீட்டுக்குத் திரும்பிய பின்னேரம், பெட்டியைக் கூட அவிழ்க்காமல் கேட்டாள். "படம் ஆர் கீறினது?"

அரியரத்தினம் கதிரையில் சாய்ந்தார். மறுக்கவில்லை. "நிரந்தர வேலைக்கு விண்ணப்பிச்சிருக்கிறன். தனிப் பேரிலை ஒரு கட்டுரை இல்லாமல் அவங்கள் திரும்பியும் பாக்கமாட்டாங்கள். உமக்கு அது விளங்காதோ? ஒரு மீனுக்குத் தன்ரை பேரை வைக்கமாட்டினமோ எண்டு எத்தினை பேர் தவம் கிடக்கினம்!"

"அப்பிடியெண்டால் என்ரை பேரை வைச்சிருக்கலாமே?"

"நீர் அதிலை ஒண்டும் செய்யேல்லையே."

"அவ செய்தவதானே."

அவர் கதிரையை விட்டு எழுந்தார். "உமக்கு அவவிலை பொறாமை," என்றார்.

"ஓம்," என்றாள் சிவனேஸ்வரி. "இருக்கு."

அந்த வருட முடிவில் அவருக்கு வேலை நிரந்தரமாயிற்று. சடகோபன் இனிப்பு வாங்கிக்கொண்டு வந்தார். கட்டுரை கட்டுரையாகவே இருந்தது, பெயர் பெயராகவே இருந்தது. அச்சில் ஏறியதை யாரும் திருத்தவில்லை. ஆனால் சிவனேஸ்வரி விடுமுறைக்கு விடுமுறை சிட்னிக்குப் போனாள். ஒரு அங்குல நீளக் குஞ்சு மீனிலேயே இரண்டு இனத்தையும் பிரித்து அறிய முடியுமா என்று இரண்டு பேருமாகப் பார்த்தார்கள். சந்திரவதனா கீறினாள், இவள் அறுத்து எண்ணிக் கோர்வையாக எழுதினாள். அவர்களுக்குள் சண்டையும் இருந்தது. தன்னுடைய எண்ணிக்கையை மற்றவள் திரும்ப எண்ணுவதை இருவருமே பொறுக்கமாட்டார்கள்.

அது 1978இல் அச்சாயிற்று. தலைப்புக்குக் கீழே இரண்டு பெண்களின் பெயர். அரியரத்தினம் அதைக் குசினியில் நின்றபடியே முதலிலிருந்து கடைசிவரை வாசித்தார். திரும்பவும் கடைசிப் பக்கத்துக்குப் போனார்.

"நன்றி சொன்ன இடத்திலை என்ரை பேரைக் காணேல்லை."

"நீங்கள் இதிலை ஒண்டும் செய்யேல்லையே," என்று வாய்வரை வந்தது. விழுங்கிக்கொண்டாள். அவருடைய கண் அந்த இரண்டு பெயரிலேயே நின்றது. அந்தப் பார்வை அவளுக்கு நன்றாகப் பழக்கம். அன்று கம்பஸ் படத்துக்கு முன்னால் தானும் இப்படித்தான் நின்றாள். தேத்தண்ணி ஊற்றி அவர் பக்கத்தில் வைத்தாள். அவர் குடிக்கவில்லை. அதற்குப் பிறகு அவர் கிளக்கன் பக்கம் போகவில்லை. ஆய்வுக்குத் திரளி மீனை எடுத்துக்கொண்டார். வீட்டில் மீன் பேச்சு வந்தால் எழுந்து தோட்டத்துக்குப் போய்விடுவார்.

அடுத்த வருடம் சந்திரவதனாவுக்குக் குயின்ஸ்லாந்துக் கரையிலிருந்து ஒரு பெட்டி மீன் வந்தது. மூன்றாவது ஒரு கிளக்கனாக இருக்கலாம் என்று தொலைபேசியில் சொன்னாள். குரலில் உற்சாகம் துள்ளியது. சிவனேஸ்வரி உடனே நாட்காட்டியைக் கழற்றி, விடுமுறை எப்போது என்று தேடினாள்.

"நீர் அவசரப்பட்டு ஓடிவரத் தேவையில்லை," என்றாள் சந்திரவதனா. "விமலாதேவி எண்டு ஒரு பிள்ளை வேலைக்கு வந்திருக்கிறாள். யாழ்ப்பாணம்தான். நல்லா அறுக்கிறாள்."

சிவனேஸ்வரி நாட்காட்டியை மேசையில் வைத்தாள்.

"நல்லா எண்டால்?" என்று கேட்டாள். "வால் பிய்யாமலோ?"

"ஒண்டுகூடப் பிய்யேல்லை."

இந்த வெள்ளிக்கிழமையே தான் வருவதாகவும், அதுவரைக்கும் அந்தப் பெட்டியை ஒருத்தரும் தொடக் கூடாது என்றும் சிவனேஸ்வரி சொன்னாள்.